கையெழுத்துக்கு முன் மண்ணைக் கேளுங்கள்

எங்கள் அடுக்ககத்துக்கு வயது முப்பத்தெட்டு. மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்னத் தெரு. தரைத்தளமும் இரண்டு மாடியுமாகப் பன்னிரண்டு வீடுகள். லிஃப்ட் கிடையாது. குடிவந்தபோது படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவர்கள் எல்லாம் இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று மூச்சு வாங்கி ஏறுகிறோம். சுவரில் நீர்க்கசிவு, கூரையில் துருப்பிடித்த கம்பி. ஆகவே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது எனக்கு மறுப்பில்லை. நம் வயதுக்காரர்கள் வசிக்கும் பழைய அடுக்ககங்கள் பலவற்றில் இன்று இதே பேச்சுதான் நடக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் பலரும் ஏதாவது ஒரு கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வடை காபியோடு கேட்டிருப்பீர்கள்.

எங்கள் கூட்டம் மொட்டை மாடியில் நடந்தது. பில்டர் வந்திருந்தார். நல்ல பையன், எல்லோரையும் அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்தார். மடிக்கணினியில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். கேள்விகள் பறந்தன. பூஜை அறை எந்தத் திசை, எத்தனை கார் நிறுத்தலாம், மாடுலர் கிச்சன் உண்டா, இடைக்கால வாடகை எவ்வளவு தருவீர்கள், லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா (இது நம் வயதுக் கேள்வி, நியாயமான கேள்வி). ஒருவர் வாஸ்து நிபுணரையே கையோடு அழைத்து வந்திருந்தார்.

கடைசியில் நான் கேட்டேன். "மண் பரிசோதனை செய்துவிட்டீர்களா? அஸ்திவாரம் எந்த மாதிரி?"

"பைல் ஃபவுண்டேஷன் அங்கிள். ஸ்ட்ராங்கா இருக்கும். பக்கத்துத் தெருவில் பதினாலு மீட்டர் போட்டோம், இங்கேயும் அதே."

"பக்கத்துத் தெரு மண் வேறு, இந்த மண் வேறு இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். "சாருக்கு ரிட்டயர் ஆகியும் சைட் ஞாபகம் போகலை" என்றார் செயலாளர். பேச்சு மறுபடி கார் நிறுத்தத்துக்குப் போய்விட்டது.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: வீட்டை இடிக்கக் கையெழுத்துப் போடும் யாரும், நம் மனையின் மண் அறிக்கையையும், போடப்போகும் பைல் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு அந்த இடத்திலேயே செய்து பார்க்கும் சோதனையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. தரைக்கு மேலே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் உடைத்துத் திருத்தலாம். பைல் மண்ணுக்குள் போன பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

பைல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேலே உள்ள மண் பலவீனமாக இருந்தால், தரையில் ஆழமாகத் துளை போட்டு, கம்பிக் கூட்டை இறக்கி, கான்கிரீட் நிரப்பி எழுப்பும் நிலத்தடித் தூண்தான் பைல். அது இரண்டு வழியில் சுமையைத் தாங்குகிறது. கொல்லையில் துணி காயப்போடக் கம்பு நட்டிருப்பீர்கள். மேலிருந்து அழுத்தினால் அது இறங்காமல் இருப்பதற்குக் காரணம் இரண்டு. கம்பின் பக்கங்களை மண் இறுக்கிப் பிடித்துக்கொள்வது ஒன்று, அடிநுனி கெட்டி மண்ணில் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. பைலுக்கும் அதேதான். பக்க உராய்வு, நுனித் தாங்கல் இரண்டையும் கூட்டினால் அதன் மொத்த வலிமை. அதை 2.5-ஆல் வகுத்தால் கிடைப்பது நாம் நம்பி ஏற்றக்கூடிய சுமை. ஐ.எஸ். 2911 என்ற இந்தியத் தர விதி சொல்வது இதைத்தான்.

கேட்க எளிமையாக இருக்கிறது அல்லவா? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான்.

60 செ.மீ. விட்டம், 15 மீட்டர் நீளமுள்ள ஒரு பைல். களிமண். அதன் பக்கப் பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் மண் 3 டன் பிடித்துக்கொள்ளும் என்று வைத்தால், பக்க உராய்வு 85 டன். அடிநுனியின் பரப்பு 0.28 சதுர மீட்டர்தான். அங்கே கெட்டிக் களி சதுர மீட்டருக்கு 90 டன் தாங்கும் என்றால் அது 25 டன். ஆக மொத்தம் 110 டன். 2.5-ஆல் வகுத்தால் 44 டன்.

இப்போது அந்த 3 டன் என்பதை மட்டும் 2 டன் என்று மாற்றிப் பாருங்கள். உராய்வு 57, நுனி 25, மொத்தம் 82. வகுத்தால் 33 டன்கூடத் தேறாது. 130 டன் இறங்கும் ஒரு தூணின் அடியில் முதல் கணக்கின்படி மூன்று பைல் போதும். இரண்டாவது கணக்கின்படி நான்கு வேண்டும். அந்த 3 எங்கிருந்து வந்தது, 2 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா? மண்ணில் துளை போட்டு எடுத்த மாதிரியிலிருந்து வந்திருக்க வேண்டும். பல இடங்களில் அது பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது. சில இடங்களில் மேஜையிலிருந்தே வருகிறது.

மண்ணைக் கேட்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. முக்காலி மாதிரி ஒரு சாதனம் நிறுத்தி, விஞ்ச் வைத்து, துளை போட்டுக்கொண்டே போவார்கள். குறிப்பிட்ட ஆழங்களில் ஒரு குழாயைத் துளையின் அடியில் வைத்து, அதன் தலையில் 63.5 கிலோ சுத்தியை 75 செ.மீ. உயரத்திலிருந்து போடுவார்கள். குழாய் 45 செ.மீ. இறங்க வேண்டும். முதல் 15 செ.மீ.-யை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேண்டியிருந்தது என்று எண்ணினால் அதுதான் 'என்' மதிப்பு. இளகிய களியில் மூன்று நான்கு அடியிலேயே இறங்கிவிடும். கெட்டியான மண்ணில் ஐம்பது அடிக்கும் மசியாது. கூடவே மண் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எண்ணத் தெரிந்த ஒருவரும் பொய் எழுதாத ஒருவரும் இருந்தால் போதும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

நம் முன்னோர்களுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. மனையடி சாஸ்திரத்தில் ஒரு சோதனை உண்டு. மனையில் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப அதில் போட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குறைந்தால் அந்த மனை ஆகாது. மண் நெருக்கமாக இருந்தால் தோண்டி உதிர்த்ததும் பருமன் கூடும், அதனால் மிஞ்சும். பொலபொலவென்று இருந்தால் குறையும். அன்றைய 'என்' மதிப்பு! எங்கள் கூட்டத்துக்கு வந்த வாஸ்து நிபுணர் திசைகாட்டியை மட்டும் கொண்டு வந்திருந்தார். அவருடைய சாஸ்திரத்திலேயே இருக்கும் மண் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சென்னை மண் ஒரே மண் இல்லை. திருவான்மியூர், சாந்தோம் பக்கம் கடற்கரை மணல். கிண்டியில் தோண்டினால் பாறை. நடுவில் எத்தனையோ இடங்கள் ஏரியாக இருந்தவை. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். தியாகராய நகர் எழுந்தது மாம்பலம் ஏரிப் பக்கத்தை ஊராக்கித்தான். எங்கள் பேட்டையில் லேக் வியூ ரோடு என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறது. ஏரியைப் பார்க்கத்தான் முடியாது. பெயரில் இருக்கும் ஏரி மண்ணுக்கு அடியிலும் இருக்கிறது. ஒரே மனையின் ஒரு மூலையில் கெட்டி மண்ணும் எதிர்மூலையில் பழைய வாய்க்கால் சேறும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பார்த்தது மட்டுமில்லை. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் நேர்மையானவன் இல்லை.

1983. கிண்டி பொறியியல் கல்லூரியிலிருந்து வெளியே வந்து ஐந்து வருடம். பைல் போடும் ஒரு நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். நகரின் மேற்கே ஒரு நான்கு மாடிக் கட்டடம். வரைபடத்தில் பைல் நீளம் 12 மீட்டர் என்று போட்டிருந்தது. மூன்று இடத்தில் மண் பரிசோதனை செய்திருந்தார்கள். மூன்றும் மனையின் முன்பக்கத்திலும் நடுவிலும். வடமேற்கு மூலையில் ஒன்றும் இல்லை, அங்கே அப்போது முள்புதர்.

அந்த மூலையில் பைலுக்குத் துளை போட்டபோது இரவு எட்டு மணி இருக்கும். அந்தக் காலத்தில் இன்று போல் சுழலும் ரிக் எல்லாம் அபூர்வம். விஞ்சில் கட்டிய கனமான உளியைத் தூக்கித் தூக்கிப் போடுவோம், பெண்டோனைட் கரைசல் உடைந்த மண்ணை மேலே கொண்டு வரும். போரிங் மேஸ்திரி என் அப்பா வயது. படிப்பு கிடையாது. உளி விழும்போது கம்பிக் கயிற்றில் கையை வைத்து உணர்ந்து மண்ணைச் சொல்வார். பன்னிரண்டாவது மீட்டரில் அவர் விஞ்சை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, உளி கெட்டியில விழல. களியில விழுது. கயிறு அதிரவே இல்ல. இன்னும் ரெண்டு மீட்டர் போவோம்."

கம்பிக் கூடு 12 மீட்டருக்குக் கட்டி வைத்திருந்தது. கான்கிரீட் கலவைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். நான் பக்கத்து டீக்கடைக்குப் போய் மேலாளருக்கு ஃபோன் செய்தேன். "ரிப்போர்ட்டில் என்ன இருக்கு? பன்னிரண்டில் கெட்டிக் களின்னு இருக்கில்ல? மேஸ்திரி சொல்றதைக் கேட்டா வேலை நடக்குமா? முடிச்சுட்டு வா" என்றார்.

முடித்தேன். பதிவேட்டில் எழுதினேன்: ஆழம் 12.0 மீட்டர், அடி மண் கெட்டிக் களி. கீழே கையெழுத்து. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. பீடி பற்ற வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த மாதம் சுமைச் சோதனை. சோதனைக்கு எந்த பைல் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நடுவில் இருந்த ஒன்றைக் காட்டினேன். அதைப் போட்ட அன்று எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது, மண்ணும் நல்ல மண். சோதனையில் பிரமாதமாகத் தேறியது. அறிக்கை போனது, பில் தொகை வந்தது.

கட்டடம் எழுந்து மூன்றாவது வருடம் அந்தப் பக்கமாகப் போனேன். வடமேற்கு மூலையில் ஜன்னலிலிருந்து மேலே சாய்வாக ஒரு விரிசல். பூசி வெள்ளையடித்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பூச்சின் மேலேயே மறுபடி திறந்திருந்தது. யாருக்கும் உயிராபத்து இல்லை. கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த விரிசல் எதனால் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்ற இருவரும் இப்போது இல்லை.

ஆகையால்தான் சொல்கிறேன், சோதனை நடந்தது என்ற காகிதம் மட்டும் போதாது. எந்த பைலைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பவர் பைல் போட்டவராக இருக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் தரப்பில் ஒரு பொறியாளரை வைத்து அவர் கைகாட்ட வேண்டும். பிள்ளை தனக்குத் தானே கேள்வித்தாள் எழுதினால் நூற்றுக்கு நூறுதான்.

சுமைச் சோதனையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்குவதற்கு முன் சோதனைக்கென்றே ஒரு பைல் போட்டு, கான்கிரீட் இறுகிய பிறகு அதன் தலையில் ஜாக்கி வைத்து அழுத்துவார்கள். ஜாக்கிக்கு எதிர்விசை வேண்டுமே, அதற்காக மேலே மேடை கட்டி மணல் மூட்டைகளோ கான்கிரீட் கட்டிகளோ அடுக்குவார்கள். நம் கணக்கின் 44 டன் பைலை அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 110 டன் வரை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று டயல் கேஜ் காட்டும். இந்த அளவு பைலுக்கு 12 மி.மீ. இறங்கிய சுமையில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்று, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இறங்கிய சுமையில் பாதி இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுவே பாதுகாப்பான சுமை. இது தவிர, கட்டடத்துக்காகப் போட்ட பைல்களிலேயே சிலவற்றை ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டு. நான் முன்பு சொன்ன என் திருகுதாளம் இந்த இரண்டாவது வகையில் நடந்தது.

செலவு அதிகம் என்பார்கள். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு வீட்டின் மாடுலர் கிச்சன் செலவைவிடக் குறைவு. சுமைச் சோதனை செலவு வைக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கட்டுநரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமில்லை. கணக்கில் வந்ததைவிட பைல் அதிகம் தாங்குகிறது என்று சோதனையில் தெரிந்து, பைல்களின் எண்ணிக்கையைக் குறைத்து லட்சக்கணக்கில் மிச்சம் பிடித்த வேலைகளையும் பார்த்திருக்கிறேன். பயந்துகொண்டு கண்மூடித்தனமாக ஆழம் போடுவதும் பொறியியல் இல்லை.

இன்னொரு விஷயம். ஒரு பைல் சோதனையில் தேறினாலும் கட்டடம் அமிழலாம். கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் கயிறு தாங்குகிறது. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நடுவில் தொய்கிறது. பைல் கூட்டத்துக்குக் கீழே ஆழத்தில் இளகிய களி இருந்தால் அப்படித்தான். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் மில்லேனியம் டவர் என்று 58 மாடிக் குடியிருப்பு 2009-ல் திறந்தார்கள். கோடீஸ்வரர்கள் வாங்கினார்கள். பைல்களைக் கெட்டி மணலோடு நிறுத்தியிருந்தார்கள், பாறைவரை போகவில்லை. மணலுக்குக் கீழே களி. 2016 வாக்கில் கட்டடம் 40 செ.மீ. இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்தும் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. பிறகு பாறைவரை புதிதாக 18 பைல்களை இறக்கி முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பணமும் படிப்பும் இருந்த இடத்திலேயே இப்படி.

இதில் நம் ஊருக்கு ஒரு பாடம் இருக்கிறது. களி உடனே இறங்காது. அதிலிருக்கும் நீர் மெதுவாக வெளியேற, வருடக்கணக்கில் இறங்கும். 2016-ம் ஆண்டின் ரெரா சட்டப்படி கட்டமைப்புக் குறைக்குக் கட்டுநரின் பொறுப்பு வீட்டை ஒப்படைத்ததிலிருந்து ஐந்து வருடம். என் வடமேற்கு மூலை மூன்றாவது வருடம் விரிந்தது. அது ஆறாவது வருடம் விரிந்திருந்தால்?

புதிதாக மண் கொட்டி மேடாக்கிய மனைகளில் வேறொரு தொல்லை. பைலைத் தாங்க வேண்டிய மண்ணே, தான் அமிழும்போது பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். வெள்ளம் வருகிறதே என்று ஆறடி எட்டடி மேடாக்கிக் கட்டும் இடங்களில் மேல் மூன்று நான்கு மீட்டரை உராய்வுக் கணக்கில் வரவு வைக்கவே கூடாது, பற்று எழுத வேண்டும். எங்கள் செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. இந்த ஒரு வாக்கியத்தை அவர் உடனே புரிந்துகொண்டார்.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஓய்வு பெற்ற வருடம் அது. தொலைக்காட்சியில் இடிபாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள், "நீங்க போட்டதெல்லாம் சரியாத்தானே இருக்கு?" நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பழைய கதையை விடுங்கள். எங்கள் வீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2022-ல் வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். பன்னிரண்டு வீட்டில் எட்டு. இப்போதைக்கு ஏழு பேர் சரி என்றிருக்கிறார்கள். எட்டாவது ஆளாக என்னை எதிர்பார்க்கிறார்கள். கீழ்வீட்டு மாமி, மூட்டுவலிக்காரர், "உங்களால எனக்கு லிஃப்ட் தள்ளிப் போறது" என்று நேரிலேயே சொல்லிவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு இரவில் தூக்கம் சரியாக வரவில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. மனையின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் மூலைகளில் இரண்டு என மூன்று துளை. அறிக்கையின் நகல் எல்லா வீட்டுக்கும். தொடக்கச் சுமைச் சோதனை ஒன்று. பிறகு சோதிக்கும் பைலை நாங்கள் காட்டுவோம். ஒவ்வொரு பைலின் ஆழமும், அடி மண்ணும், கான்கிரீட் போடுவதற்கு முன் அடியிலுள்ள சேற்றைக் கழுவினார்களா என்பதும் எழுதிய பதிவேட்டின் நகல் அன்றன்றைக்கு. இதை ஒப்பந்தத்தில் சேர்த்தால் அந்த நிமிடமே கையெழுத்துப் போடுகிறேன் என்று பில்டரிடம் சொன்னேன்.

"உங்க திருப்திக்கு ஒரு போர் போட்டுடலாம் அங்கிள்" என்றார்.

சொன்னபடி சென்ற புதன்கிழமை முக்காலியோடு நான்கு பேர் வந்தார்கள். ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில், மனையின் நடுவில், ஒரே ஒரு துளை. நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கையில் பேத்தியின் பழைய கணக்கு நோட்டு. சுத்தி விழ விழ எண்ணினேன். மூன்றாவது மீட்டரில் ஒன்பது அடி. நாலரையில் ஏழு. ஆறாவது மீட்டரில் நான்கே அடி, நான்காவது அடிக்குக் குழாய் தானாகவே சறுக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. குறிப்பெடுத்த பையன் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தன் தாளிலும் நான்கு என்றே எழுதினான். கறுப்பாக, மீன் வாடை அடிக்கும் களி மேலே வந்தது. கீழ்வீட்டு மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்று, "இது மேலயா இத்தனை வருஷம் இருந்தோம்?" என்றார்.

பின்பக்கத்து இரண்டு துளைகளையும் எப்போது போடுவீர்கள் என்று அன்று மாலையே பில்டருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நீலக் குறி வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. மாமி மட்டும் தினம் காலையில் கேட்கிறார், "போட்டாச்சா, போட்டாச்சா" என்று.